ஒவ்வோர் அறைக்கும் ஒரு டப்பா

அடுத்தடுத்து இரண்டு வகுப்பறைகள். நடுவே ஒரே சுவர். ஒரே வருடத்தில் கட்டியவை. அளவிலும் ஜன்னலிலும் வித்தியாசம் கிடையாது. ஒன்றில் ரேடான் வாயு லிட்டருக்கு 2 பிக்கோகியூரிக்கும் கீழே. மற்றதில் 11. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பள்ளிக் கட்டடங்களில் ரேடான் அளப்பது என் தொழில். இந்தத் தொழிலில் இருக்கும் யாரைக் கேட்டாலும் இப்படியொரு ஜோடி அறைகளைப் பற்றிச் சொல்வார்கள். அதனால்தான் பள்ளிச் சோதனையில் ஒரு விதியை மட்டும், எவ்வளவு செலவானாலும், விட்டுக்கொடுக்க மாட்டோம்: தரையோடு ஒட்டிய அறைகளில் பிள்ளைகளோ பெரியவர்களோ வழக்கமாக உட்காரும் ஒவ்வோர் அறையையும் தனித்தனியே அளக்க வேண்டும். பக்கத்து அறையின் எண்ணை இந்த அறைக்குக் கடன் வாங்க முடியாது.

பூமியின் மேலோட்டில் எங்கும் கொஞ்சம் யுரேனியம் இருக்கிறது. அது படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகிறது. ரேடியம் சிதைந்து ரேடானாகிறது. அதற்கு முந்திய எல்லாமே திடப்பொருள்கள், பிறந்த பாறையோடே கிடக்கும். ரேடான் மட்டும் வாயு. மண் துகள்களின் இடுக்கு வழியாக நகரும்; கட்டடத்தின் தரையில் ஒரு விரிசல் கிடைத்தால் உள்ளே வரும். நிறமில்லை, மணமில்லை, கண் எரியாது, தலை வலிக்காது. அதன் அரை ஆயுட்காலம் 3.8 நாள். ஆபத்தெல்லாம் இந்த 3.8 நாளில்தான் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட்டோடு தோரியம் கலந்திருப்பது நம்மவர்கள் பலருக்குத் தெரியும். தோரியத்திலிருந்தும் ரேடானின் இன்னொரு வகை பிறக்கிறது, தோரான் என்பார்கள். அதன் அரை ஆயுட்காலம் ஒரு நிமிடம்கூட இல்லை. பிறந்த இடத்தைவிட்டு வெகுதூரம் போவதற்குள் அதில் பெரும்பகுதி அழிந்துவிடும். ரேடானுக்கோ, பல அடி ஆழத்திலிருந்து மேலேறி, தரையடிச் சரளைக்கல்லில் பரவி, ஏதோ ஒரு குழாய்த் துளை வழியாக வகுப்பறைக்குள் நுழைய அவகாசம் இருக்கிறது.

மூச்சில் போகும் ரேடானில் பெரும்பகுதி மூச்சிலேயே திரும்பிவிடும். தீங்கு செய்பவை அதன் வாரிசுகள்: பொலோனியம், ஈயம், பிஸ்மத் என்று மளமளவெனச் சிதையும் அணுக்கள். அவை திடப்பொருள்கள். காற்றிலுள்ள தூசியில் ஒட்டிக்கொண்டு மூச்சுக்குழல்களின் உட்சுவரில் படிந்து, அங்கிருந்தே ஆல்ஃபா துகள்களை வீசும். மேல்தோலைக்கூடத் தாண்டமுடியாத ஆல்ஃபா துகளுக்கு நுரையீரலின் மெல்லிய திசுவில் தடையேதும் இல்லை. உயிரணுவுக்குள் புகுந்து மரபணுவை நேராகத் தாக்கும். ஜெர்மனியின் ஷ்னீபெர்க் சுரங்கத் தொழிலாளர்களைக் கொன்றுவந்த நோய் நுரையீரல் கட்டிதான் என்று ஹார்ட்டிங், ஹெஸ்ஸெ என்ற இரு மருத்துவர்கள் 1879இல் எழுதிவைத்தார்கள். ரேடான் என்றொரு வாயு இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது. இன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, ரேடானால் வரும் நுரையீரல் புற்றுநோயில் அந்த நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 21,000 பேர் இறப்பதாக மதிப்பிடுகிறது. அவர்களில் ஏறத்தாழ 2,900 பேர் வாழ்நாளில் புகைபிடிக்காதவர்கள். புகைப்பழக்கமும் ரேடானும் ஒன்றுசேர்ந்தால் ஆபத்து பல மடங்கு.

நடவடிக்கை எடுக்கும்படி அந்த முகமை பரிந்துரைக்கும் அளவு லிட்டருக்கு 4 பிக்கோகியூரி. மற்ற நாடுகளில் புழங்கும் அலகில் சொன்னால் கன மீட்டருக்கு 148 பெக்கரல். உலக சுகாதார நிறுவனம் 2009இல் கன மீட்டருக்கு 100 பெக்கரல் என்ற இன்னும் கறாரான அளவைப் பரிந்துரைத்தது. வெளிக்காற்றில் சராசரியாக இருப்பது 0.4 பிக்கோகியூரி. பள்ளி நிர்வாகிகளிடம் இந்த எண்களை வெறுமனே சொன்னால் மனதில் தைக்காது. அதனால் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுவேன். 900 சதுர அடி வகுப்பறை, பத்தடி உயரம். உள்ளே சுமார் 250 கன மீட்டர் காற்று. 4 பிக்கோகியூரி என்றால் அந்த அறைக்குள் ஒவ்வொரு நொடியும் 37,000 ரேடான் அணுக்கள் சிதைகின்றன. அப்படியிருந்தும் அங்கே ஒரு கன மீட்டர் காற்றில் இருக்கும் ரேடான் அணுக்கள் மொத்தம் ஏழு கோடிதான். காற்று மூலக்கூறுகளின் கணக்கில் அது இல்லாததற்குச் சமம். எந்தத் தராசிலும் நிற்காத அவ்வளவு சொற்பமான ஒன்றை உள்ளங்கையில் அடங்கும் கரி டப்பாவால் அளந்துவிட முடிகிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

வீடுகளில் ரேடான் அளக்கும் தொழில் அமெரிக்காவில் சூடுபிடித்ததே பென்சில்வேனியாவில்தான். ஸ்டான்லி வாட்ரஸ் என்ற பொறியாளர் 1984இல் லிமரிக் அணுமின் நிலையத்தின் கட்டுமானப் பணியில் இருந்தார். வேலை முடிந்து போகிறவர்கள் உடம்பில் கதிரியக்கம் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் கருவி, அவர் வந்து நின்றாலே அலறியது. ஒருநாள் காலை நிலையத்துக்கு வந்ததும், வேலை நடக்கும் பக்கமே போகாமல், நேராக அந்தக் கருவியில் போய் நின்றார். அப்போதும் அலறியது. கதிரியக்கம் ஒட்டியது வேலையிடத்தில் இல்லை, வீட்டில். பாயர்டவுன் பக்கத்திலிருந்த அவர் வீட்டை அளந்தபோது லிட்டருக்குச் சுமார் 2,700 பிக்கோகியூரி இருந்தது. ரெடிங் பிராங் என்ற மிகப் பழைய பாறைத்தொடர் அந்த வட்டாரத்தின் அடியில் ஓடுகிறது. நியூஜெர்சி, நியூயார்க் வரை நீளும். அந்தத் தொடர் முழுக்க அளக்கத் தொடங்கியபோதுதான் வீட்டுக்கு வீடு எண் மாறுவது எல்லோருக்கும் தெரிந்தது. நிலவியல் வரைபடம் வட்டாரத்தைத்தான் சொல்லும். வீட்டைச் சொல்லாது, அறையைச் சொல்லவே சொல்லாது.

பள்ளிகளின் பக்கம் கவனம் திரும்ப இன்னும் சில வருடங்கள் ஆயின. 1988இல் உள்ளறை ரேடானைக் குறைப்பதற்கான மத்தியச் சட்டம் வந்தது. 1989இல், நாட்டிலுள்ள பள்ளிகள் எல்லாம் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று முகமை அறிவுறுத்தியது. பிறகு நாடு தழுவி எடுத்த கணக்கெடுப்பில், ஏறத்தாழ ஐந்து பள்ளிகளுக்கு ஒன்றில், குறைந்தது ஓர் அறையாவது 4ஐத் தாண்டியிருந்தது. அப்படிப்பட்ட வகுப்பறைகள் நாடெங்கும் 70,000க்கு மேல் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். இவ்வளவுக்கும் பிறகு, எல்லாப் பள்ளிகளையும் சோதித்தே ஆகவேண்டும் என்று சொல்லும் மத்தியச் சட்டம் ஒன்றும் இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் நிலைமை வேறு. மண்ணில் ரேடான் மிகுந்த அயோவா மாநிலம், 2027ஆம் ஆண்டுக்குள் பள்ளிகளைச் சோதிக்கும்படி 2022இல் சட்டம் போட்டது. பல இடங்களில் இது இன்னும் பள்ளி நிர்வாகத்தின் மனசாட்சிக்கு விடப்பட்ட விஷயம். இதை என்னால் ஏற்கமுடியவில்லை. கட்டாயக் கல்வி என்று சட்டம் போட்டுப் பிள்ளையை ஓர் அறைக்குள் உட்காரவைக்கும் அரசு, அந்த அறையின் காற்றை ஒருமுறையாவது அளந்து பார்க்கக் கடமைப்பட்டது.

வேலையைச் சொல்கிறேன். டப்பா வைப்பதற்குச் சில நாள் முன்பே பள்ளிக்குப் போய், முழுக் கட்டடத்தையும் நடந்து பார்த்துவிட வேண்டும். கையில் வரைபடம் கொடுப்பார்கள். அதை மட்டும் நம்பி டப்பாக்களை எண்ணக் கூடாது. பள்ளிக்கூடம் வருடா வருடம் உள்ளுக்குள் மாறிக்கொண்டே இருக்கும் கட்டடம். வரைபடத்தில் சாமான் அறை என்று போட்டிருக்கும் இடத்தில், பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா ஒரு சின்ன மேசையும் முகம் பார்க்கும் கண்ணாடியுமாக உட்கார்ந்திருப்பார். துடைப்பமும் வாளியும் வைப்பதற்காகக் கட்டிய அறை. ஜன்னல் கிடையாது, காற்றுக்குழாய் கிடையாது. திக்கிப் பேசும் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து அரைமணி நேரம் இருந்துவிட்டுப் போவார்கள். அவர் காலை முதல் மாலை வரை அங்கேதான். பேஸ்மென்டில் பழைய குளியலறை, வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கான தனிவகுப்பாக மாறியிருக்கும். கொதிகலன் அறையை ஒட்டி ஒரு மரத்தடுப்புப் போட்டு, அதற்குள் கஸ்டோடியனின், அதாவது கட்டடத்தைப் பராமரிப்பவரின், மேசை. சமையலறைக்குப் பின்னால் சரக்குக் கணக்கு எழுதுகிறவரின் மூலை. நர்ஸ் அறைக்குள்ளே இன்னொரு குட்டி அறை. காய்ச்சலாக இருக்கும் பிள்ளையைப் படுக்கவைக்க.

இந்த அறைகள்தான் தவறிப்போகும். எண் போட்ட வகுப்பறைகளை யாரும் மறப்பதில்லை. கதவில் எண் இல்லாத அறைகள் மண்ணுக்கு மிக அருகில் இருக்கும், காற்றோட்டம் அங்கே மிகக் குறைவு, அங்கே உட்காருகிறவர்களுக்காகப் பேச ஆளும் குறைவு. ரேடானுக்கு இவ்வளவும் வசதி. யார் இங்கே உட்காருகிறார்கள், எத்தனை நேரம் என்று ஒவ்வொரு கதவின் முன்பும் நின்று கேட்பது என் வேலையில் பாதி என்று நினைக்கிறேன்.

அந்த நடைக்குத் துணையாக நான் கஸ்டோடியனைத்தான் கேட்டு வாங்குவேன். முதல்வருக்குப் பள்ளி தெரியும். கட்டடம் தெரிந்தவர் கஸ்டோடியன். எந்த ஆசிரியர் காற்றோட்டப் பெட்டியின் சத்தம் தாங்காமல் அதை நிறுத்திவைக்கிறார், எந்தக் கதவை முட்டுக்கொடுத்துத் திறந்தே வைக்கிறார்கள், எந்த விசிறி போன வருடம் எரிந்துபோய் இன்னும் மாற்றப்படாமல் இருக்கிறது என்பதெல்லாம் எந்தக் கோப்பிலும் இருக்காது. நடந்துகொண்டே இருக்கும்போது, "குளிர்காலத்தில் அந்த மூலை அறையில் மட்டும் மண்வாசனை அடிக்கும்" என்று போகிறபோக்கில் சொல்வார். நான் நின்றுவிடுவேன். ரேடானுக்கு வாசனை கிடையாது, மண்ணுக்கு உண்டு. மண்ணின் காற்று உள்ளே வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. உடனே அந்த அறைக்கு இன்னொரு டப்பாவையும் சேர்த்துக் குறித்துக்கொள்வேன்.

அறைக்கு அறை ரேடான் அளவு மாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் கட்டடத்தின் வயிற்றுக்குள் இருக்கிறது. 1950களிலும் 60களிலும் கட்டிய ஒற்றைத் தளப் பள்ளிகள் பலவற்றில், வெளிச்சுவரை ஒட்டித் தரைக்கு அடியில் ஒரு சுரங்கம் ஓடும். கொதிகலனிலிருந்து வரும் குழாய்கள் அதன் வழியாகப் போகும். சில இடங்களில் அதன் அடித்தரை வெறும் மண். ஒவ்வொரு வகுப்பறையிலும் ஜன்னலுக்குக் கீழே ஒரு காற்றோட்டப் பெட்டி இருக்கும். குழாய் அதற்குள் ஏறிவரத் தரையில் ஒரு துளை போட்டிருப்பார்கள். குழாயைச் சுற்றி அடைக்காமல் விட்ட இடுக்கு, சுரங்கத்தின் காற்று அறைக்கு வரும் பாதை. அதோடு அந்தப் பெட்டி வெளிக்காற்றை எவ்வளவு உள்ளே விடுகிறது என்பதும் முக்கியம். அதற்கென்று ஒரு தகடு உண்டு, டேம்பர் என்பார்கள். 1970களில் எண்ணெய் விலை ஏறியபோது, எரிபொருளைச் சேமிக்க அந்தத் தகடுகளை மூடிவைத்த பள்ளிகள் உண்டு. மூடியது துருப்பிடித்து அப்படியே இறுகிப்போயிருக்கும். தொடக்கத்தில் சொன்ன இரண்டு அறைகளுக்கும் வித்தியாசம் இவ்வளவுதான்: ஒன்றில் தகடு திறந்து மூடியது, குழாய் இடுக்கும் அடைபட்டிருந்தது. மற்றதில் இரண்டும் இல்லை.

கட்டடமே மண்ணின் காற்றை உறிஞ்சுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் உள்ளே சூடான காற்று மேலேறிக் கூரை வழியாகக் கசியும். அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து காற்று வரும். சமையலறையின் புகைபோக்கி விசிறி, கழிப்பறை விசிறி, வேதியியல் கூடத்தின் விசிறி எல்லாம் காற்றை வெளியே தள்ளுகின்றன. தள்ளிய அளவுக்கு வெளிக்காற்று உள்ளே வர வழி இல்லாவிட்டால் கட்டடத்துக்குள் அழுத்தம் குறையும். ஒன்றிரண்டு பாஸ்கல் குறைந்தாலே போதும். காது உணராத, கதவு அசையாத அந்தச் சிறு வித்தியாசம், தரையின் எல்லா விரிசல்களிலும் மண்காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும்.

அளக்கும் கருவிகளில் எனக்கு எல்லாவற்றின் மீதும் மரியாதை உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணத்துக்காக. பள்ளி முழுவதையும் முதல்முறை அளக்கும்போது பெரும்பாலும் கரி டப்பாதான். கிளர்வூட்டிய கரி ரேடானைத் தன்மேல் பிடித்துவைத்துக்கொள்ளும். இரண்டு நாளுக்குக் குறையாமல் திறந்துவைத்து, மூடி, சுற்றிலும் டேப் ஒட்டி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே ரேடானின் வாரிசுகள் வீசும் காமா கதிர்களை எண்ணுவார்கள். டப்பாவை எடை போட்டு, கரி எவ்வளவு ஈரத்தை இழுத்திருக்கிறது என்று பார்த்து அதற்கேற்பத் திருத்துவார்கள். தாமதிக்க முடியாது, பிடித்த ரேடானில் பாதி நான்கு நாளுக்குள் போய்விடும். கரி வாங்கியதைத் திருப்பியும் விடும் என்பதால் முதல் நாளைவிடக் கடைசி நாளின் காற்றே அதில் அதிகம் பேசும். நீண்டகாலச் சோதனைக்கு ஆல்ஃபா தடக் கருவி. மூன்று மாதம் முதல் ஒரு வருடம் வரை அறையில் இருக்கும் ஒரு பிளாஸ்டிக் துண்டு, அவ்வளவுதான். அதன்மேல் மோதும் ஒவ்வோர் ஆல்ஃபா துகளும் ஈரமணலில் நண்டு போட்டுப்போன தடம் மாதிரி ஒரு வடுவை விட்டுப்போகும். காரக் கரைசலில் ஊறவைத்தால் வடு பெரிதாகும், நுண்ணோக்கியில் எண்ணலாம். ஒரு பள்ளி ஆண்டு முழுவதும் அந்த அறை எப்படி இருந்தது என்பதை அதைவிட நேர்மையாகச் சொல்லும் சாதனம் எனக்குத் தெரியாது.

வைக்கும் இடத்துக்கு விதிகள் உண்டு. தரையிலிருந்து 50 சென்டிமீட்டருக்கு மேலே, பிள்ளைகள் மூச்சு விடும் உயரத்தில், கதவு, ஜன்னல், காற்று வரும் துவாரம் எதற்கும் பக்கத்தில் இல்லாமல், வெயில் படாமல், யாரும் நகர்த்தாத இடத்தில். ஒன்றாம் வகுப்பில் இந்தக் கடைசி விதி கடினம். டப்பாவை ஒளித்துவைப்பதைவிடக் காட்டிவிடுவது மேல் என்பது என் எண்ணம். ஆசிரியரிடம் அனுமதி வாங்கி, இது உங்கள் அறையின் காற்றை அளக்கிறது, வெள்ளிக்கிழமை வரை தொடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு என்று பிள்ளைகளிடமே சொல்லிவிடுவேன். அதன் பிறகு தூசி தட்ட வருகிறவரையும் அவர்கள் கிட்டே விடமாட்டார்கள்.

இருபது டப்பாவுக்கு ஒன்றை அந்த இடத்தில் திறந்து உடனே மூடிவிடுவோம். மற்றவற்றோடு சேர்த்து, எதுவும் சொல்லாமல் அனுப்புவோம். அதில் ஒன்றுமில்லை என்று ஆய்வகம் சொல்ல வேண்டும். பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு டப்பா வைப்போம். இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும். அளவு தெரிந்த ரேடான் கூடத்தில் வைத்தெடுத்த சில டப்பாக்களையும் கலந்துவிடுவோம். இந்தக் கூடுதல் செலவு எதற்கு என்று நிர்வாகங்கள் கேட்பதுண்டு. ஓர் அறையை மூடச் சொல்வதும், ஒரு தாயிடம் பயப்படவேண்டாம் என்று சொல்வதும் இந்த எண்களை நம்பித்தான். வெற்று டப்பா வெற்று என்று காட்டியிருக்காவிட்டால் அந்த இரண்டையும் சொல்ல எனக்கு உரிமையில்லை. செலவைக் குறைக்க வேண்டுமானால் என் கூலியில் குறைக்கட்டும். இந்த டப்பாக்களில் கைவைக்க விடமாட்டேன்.

காலமும் முக்கியம். பள்ளி வழக்கம்போல் நடக்கும் வேலைநாட்களில், ஜன்னல்கள் மூடியிருக்கும் குளிர்மாதங்களில், காற்றோட்டச் சாதனங்கள் வழக்கம்போல் ஓடும்போது அளக்க வேண்டும். தொடங்குவதற்குப் பன்னிரண்டு மணி நேரம் முன்பிருந்தே ஜன்னல்களும் வெளிக்கதவுகளும், ஆள் போய்வரும் நேரம் தவிர, மூடியிருக்க வேண்டும். நடுவில் பனி கொட்டிப் பள்ளிக்கு விடுமுறை விட்டால் சோதனை போயிற்று. ஆளில்லாத கட்டடத்தில் விசிறிகள் அடங்கிக்கிடக்கும்போது வந்த எண், பிள்ளைகள் உட்காரும் அறையின் எண் ஆகாது. எல்லா டப்பாக்களையும் எடுத்துவிட்டு அடுத்த வாரம் புதிதாக வைக்க வேண்டியதுதான்.

முதல் சோதனையில் 4ஐத் தொட்ட ஒவ்வோர் அறைக்கும் இரண்டாவது சோதனை உண்டு. 10க்கு மேல் என்றால் காத்திருக்காமல் இன்னொரு குறுகிய சோதனை. அதற்குக் கீழே என்றால் நீண்டகாலச் சோதனைக்கும் இடமுண்டு. இந்தக் கட்டத்தில்தான் மணிக்கொருமுறை பதிவு செய்யும் மின்னணுக் கருவியைச் சிக்கலான அறைகளில் வைப்பேன். அதன் வரைகோட்டைப் பார்ப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். சாயங்காலம் விசிறிகள் நின்றதும் கோடு ஏறத் தொடங்கும், விடியற்காலையில் உச்சத்துக்குப் போகும், காலையில் காற்றோட்டம் ஓடத் தொடங்கியதும் சரியும். இதைப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் குறைவாகத்தானே இருக்கிறது, ஏன் செலவு செய்ய வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பகல்நேர எண் முழுக்க ஒரு விசிறியையும் ஒரு டைமரையும் நம்பி நிற்கிறது. மின்கட்டணத்தைக் குறைக்க யாரோ ஒருவர் டைமரை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தால் போதும். ஆறரை மணிக்கே வந்து கரும்பலகையைத் துடைத்து நாளைத் தொடங்கும் ஆசிரியருக்கு ஏற்கெனவே அந்தப் பாதுகாப்பு இல்லை. பகல்நேர எண்ணை அறிக்கையில் எழுதுவேன். தரையைச் சரிசெய்யாமல் இருப்பதற்கு அதைச் சாக்காக்க ஒப்ப மாட்டேன்.

முடிவுகள் வெளியானதும் பெற்றோர் கேட்பார்கள். இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் கோயிலிலோ பொங்கல் விழாவிலோ என்னைப் பிடித்துக்கொள்வார்கள். "அண்ணா, என் பொண்ணு ரூம்ல ஆறு வந்திருக்காமே. அவளுக்கு ஏதாவது ஆயிடுமா?" என்று ஒரு தங்கை கண்கலங்கக் கேட்டார். தெரிந்ததைத் தெரிந்தபடி சொன்னேன். ரேடானின் ஆபத்து வருடக்கணக்கில் சேர்வது. ஒரு பள்ளி ஆண்டின் பங்கு சிறியது. பிள்ளைக்கு எந்த ரத்தப் பரிசோதனையும் தேவையில்லை. ஆனால் சரிசெய்யத் தாமதிப்பதற்கு அது காரணமும் ஆகாது. அப்புறம், "உங்க வீட்டை அளந்திருக்கீங்களாம்மா?" என்று கேட்டேன். அளக்கவில்லை. பிள்ளை பள்ளியைவிட வீட்டில்தான் அதிக நேரம் இருக்கிறது. பென்சில்வேனியாவில் ஏறத்தாழ ஐந்து வீடுகளுக்கு இரண்டில் 4க்கு மேல் இருக்கிறது. மறுவாரமே அவர்கள் வீட்டு பேஸ்மென்டில் ஒரு டப்பா வைத்தேன்.

ஆசிரியர்களைப் பற்றி இவ்வளவு பேர் கேட்பதில்லை. ஒரு பிள்ளை அந்த அறையில் ஒரு வருடம் இருந்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விடும். ஆசிரியர் அதே அறையில் இருபது, இருபத்தைந்து வருடம் இருப்பார். ரேடான் கணக்கில் அந்த அறையின் முழுச் சுமையையும் வாங்குபவர் அவர்தான். அதனால் முடிவைப் பெற்றோருக்கு அனுப்புவதற்கு முன்பாக, அந்தந்த அறையின் ஆசிரியரிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்வேன், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். கடிதத்தில் படித்துத் தெரிந்துகொள்ளும்படி அவர்களை விடக் கூடாது.

சரிசெய்வது சாத்தியம் என்பது இந்தத் தொழிலின் பெரிய ஆறுதல். சில அறைகளில் இறுகிப்போன டேம்பரைத் திறந்து, குழாய் இடுக்கை அடைத்து, வெளிக்காற்றைச் சரியாக விட்டாலே எண் இறங்கிவிடும். மற்றவற்றில் தளத்தைத் துளைத்து, அடியிலிருக்கும் மண்காற்றைக் குழாய் வழியாக விசிறியால் உறிஞ்சிக் கூரைக்கு மேலே விட்டுவிடுவார்கள். வீடு என்றால் பெரும்பாலும் ஒரு துளை போதும். பள்ளி அப்படியல்ல. வகுப்பறைகளுக்கு நடுவே அஸ்திவாரச் சுவர்கள் ஆழமாக இறங்கித் தரையடியைத் துண்டுதுண்டாகப் பிரித்திருக்கும். பின்னால் சேர்த்துக் கட்டிய ஒவ்வொரு பகுதிக்கும் தனித் தளம் இருக்கும். ஓரிடத்தில் வேக்குவத்தை வைத்து உறிஞ்சிக்கொண்டே, தள்ளித்தள்ளிச் சின்னத் துளைகள் போட்டு, அங்கெல்லாம் அழுத்தம் குறைகிறதா என்று நுண்ணழுத்தமானியால் பார்க்க வேண்டும். கீழே சுத்தமான சரளைக்கல் இருந்தால் அந்த இழுப்பு தூரம் வரை போகும். களிமண் என்றால் சில அடியிலேயே நின்றுவிடும். வேலை முடிந்த பிறகு திரும்பவும் அதே அறைகளில், அதே இடத்தில், டப்பா வைத்துப் பார்க்க வேண்டும். விசிறி ஓடுவதைக் காட்டும் குழாயில் வண்ணத் திரவம் ஏற்றத்தாழ்வாக நிற்பது விசிறி உறிஞ்சுவதற்குத்தான் அடையாளம். அறையின் காற்றைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

கடைசியாகப் பள்ளியிடம் நான் கொடுக்கும் கோப்பில் எண்களின் பட்டியல் ஒரு பக்கம்தான். மீதியெல்லாம் நடந்துபார்த்ததின் பதிவு: திருத்திய வரைபடம், எண் இல்லாத அறைகளுக்கு நாங்கள் போட்ட எண், ஒவ்வொரு டப்பாவும் நின்ற இடம், சோதனை நடந்த நாட்களில் எந்தெந்த விசிறி ஓடியது, எந்த டேம்பர் எவ்வளவு திறந்திருந்தது, டைமர் எத்தனை மணிக்கு வைக்கப்பட்டிருந்தது, சுரங்கத்தின் மூடி எங்கே இருக்கிறது. சில வருடம் கழித்து மறுசோதனைக்கு வேறொருவர் வரலாம். சுவர் இடித்திருப்பார்கள், கொதிகலனை மாற்றியிருப்பார்கள், பேச்சுப் பயிற்சி அறை வேறொரு மூலைக்குப் போயிருக்கும், இப்போதுள்ள கஸ்டோடியன் ஓய்வு பெற்றிருப்பார். எண் ஏறியிருந்தால் என்ன மாறியது என்று அவர் தேட வேண்டும். அந்தத் தேடலுக்குப் பழைய நிலைமை எழுத்தில் இருக்க வேண்டும். கோப்பின் ஒரு பிரதியை முதல்வரின் அலுவலகத்திலும் இன்னொன்றைக் கொதிகலன் அறையில் கஸ்டோடியனின் மேசையிலும் வைத்துவிட்டு வருகிறேன்.